மழை வருமுன் மெகர் வையுங்கள்!

ஜவ்வாது மலையின் அமிர்தி அடிவாரத்திலிருந்து ஆம்பூர் லைன் வீடுகள் வரை, சுவருக்குள் கசியும் மின்சாரத்தை உயிர் போகும் முன்பே காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டு வாசலுக்கு எப்போது வரும்?

“சுவத்துல கை வெச்சா சுர்ருங்குது.” “கிரைண்டரத் தொட்டா லேசா அடிக்குது.” “மழை வந்தாப் போதும், டிரிப்பர் நிக்கவே மாட்டேங்குது.” ஐப்பசி பிறந்துவிட்டால் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் இந்தப் பேச்சு கேட்காத தெரு குறைவு. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு.”

அந்தப் பதில் ஆபத்தானது. லேசாக அடிக்கிறது என்றால் மின்சாரம் தன் பாதையை விட்டு வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். செருப்பணிந்த பெரியவரைச் சுர்ரென்று தொட்டுவிட்டுப் போகும் அதே கசிவு, வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும் குழந்தையின் உயிரை எடுத்துவிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, சமீப ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல். அறுந்து விழுந்த கம்பி, வயல் வேலி, கட்டட வேலை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் பல, ஒரே நாளில் உருவானவை அல்ல. வயரின் மேலுறை ஆண்டுக்கணக்கில் நைந்து, ஒரு மழைநாளில் கைவிட்டுவிடுகிறது. அந்த நைவை எண்ணாக அளந்து சொல்லும் கருவி நூறாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் மெகர்.

ஒரு மெகா ஓம் என்னும் எல்லைக்கோடு

செம்புக் கம்பியின் வேலை மின்சாரத்தைக் கொண்டுபோவது. அதன்மேல் போர்த்திய பி.வி.சி. உறையின் வேலை அதை வெளியே விடாமல் தடுப்பது. அந்தத் தடுப்பின் வலிமையைத்தான் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம். அதை மெகா ஓம் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு மெகா ஓம் என்பது பத்து லட்சம் ஓம்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட், ஒரு மெகா ஓம் தடுப்பைத் தாண்டி 0.23 மில்லி ஆம்பியர்தான் கசிய முடியும். உடம்புக்குத் தெரியக்கூடத் தெரியாது. தடுப்பு 10,000 ஓமுக்கு இறங்கிவிட்டால் கசிவு 23 மில்லி ஆம்பியராகிவிடும். உடம்பு வழியாகப் பாயும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும்போதே தோலில் சுர்ரென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது. முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

சுவரில் இருக்கும் எம்.சி.பி. இதைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு சாதாரண பிளக் லைனின் எம்.சி.பி. 16 ஆம்பியர் அளவுக்கானது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். வெறும் 50 மில்லி ஆம்பியரில் ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் எம்.சி.பி.க்கு அது கண்ணில் படாது. அது வயர் தீப்பிடிக்காமல் காக்க வந்தது. மனிதரைக் காக்க வந்ததல்ல.

இந்திய மின் வயரிங் நடைமுறை விதித்தொகுப்பான ஐ.எஸ். 732, மின்சாரம் துண்டிக்கப்பட்ட லைனில் 500 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் கொடுத்து இந்தத் தடுப்பை அளக்கச் சொல்கிறது. பழைய கணக்கில், 50 மெகா ஓமை வீட்டிலுள்ள பாயின்ட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவு குறைந்தபட்சமாக வைக்கப்பட்டது. முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மெகா ஓமுக்கு மேல் கேட்கத் தேவையில்லை என்ற சலுகையோடு. இன்றைய சர்வதேச அளவுகோல், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் குறைந்தது ஒரு மெகா ஓம் வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்ச எல்லைதான். நல்ல புது வயரிங் நூறு மெகா ஓமுக்கு மேல் சாதாரணமாகக் காட்டும். முந்தைய முறை 200 காட்டிய லைன் இந்த முறை 3 காட்டினால், விதிப்படி அது தேறிவிடும். ஆனாலும் விஷயம் தெரிந்த வயர்மேன் அந்த லைனை விடமாட்டார். 200 எப்படி 3 ஆனது என்று தேடிப் போவார்.

வெயில், ஓதம், உப்பு

இந்தச் சோதனை எல்லா ஊருக்கும் வேண்டியதுதான். ஆனால் பாலாற்றுப் படுகைக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் இன்னும் அதிகமாக வேண்டும். வயர் உறையின் மூன்று பகைகளும் பாலாற்றுப் படுகையில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

முதல் பகை வெயில். வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளில் பரவலாக இருக்கும் சாதாரண பி.வி.சி. வயர், 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. கம்பியில் ஓடும் மின்சாரத்தின் சூடு, சித்திரை வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி கான்கிரீட்டின் சூடு இரண்டும் சேர்ந்தால் அந்த எல்லை வெகுதூரத்தில் இல்லை. சூடு ஏற ஏற, உறைக்கு நெகிழ்வு தரும் பொருள் வெளியேறி, உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது ஓதம். வடகிழக்குப் பருவமழையில் ஒழுகும் தளத்திலிருந்து தண்ணீர் இறங்கி, சுவருக்குள் புதைத்த பைப்புக்குள் தேங்குகிறது. உறையில் விழுந்த மயிரிழை வெடிப்பு வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். அதில் ஈரம் புகுந்ததும் அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். கசிவு கண்டால் மின்சாரத்தை அறுக்கும் டிரிப்பர் மழையில் மட்டும் விழுவதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

மூன்றாவது உப்பு. இது தோல் வட்டாரத்துக்கே உரிய பகை. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அந்த உப்பு கரைந்து கழிவுநீரோடு போகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்த்துப்போன கதை நாடறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு வரைக்கும் போன கதை. அந்த உவர்நீரில் சாந்து குழைத்து, அதே நீரில் நனைத்து ஆற்றிய சுவரில் உப்பு பூக்கிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சுத்தமான மழைநீரைவிட உப்புநீர் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உப்புப் பூத்த சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டி, மழை நேரடியாகப் படாவிட்டாலும் கசிய வாய்ப்பிருக்கிறது.

அமிர்திப் பக்கம் உப்பின் தொல்லை இல்லை. காட்டின் தொல்லை உண்டு. வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை இறங்கித் தரை தொடும் இடம் அது. உயிரியல் பூங்கா, அருவி, காட்டாறு என்று விடுமுறைக்கு வருகிறவர்கள் பார்க்கும் அமிர்தி ஒன்று. அதைச் சுற்றிய ஊர்களிலும் மேலே மலைக்கிராமங்களிலும் ஓட்டு வீட்டிலும் தொகுப்பு வீட்டிலும் வாழ்கிறவர்களின் அமிர்தி வேறொன்று. மர நிழலில் சுவர் காய நாளாகும். ஓட்டுக்கு அடியில் ஓடும் வயரை எலியும் அணிலும் கடிக்கும். சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு மண் சேர்க்கும். கம்பத்திலிருந்து வீடு தள்ளி இருந்தால் சர்வீஸ் வயர் கிளைகளை உரசிக்கொண்டே வரும். பட்டணத்து வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் வயர்மேன் வந்துவிடுவார். மலையடிவாரத்தில் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களிலும் மின்சாரம் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

விளக்குக்குப் போட்ட வயர்

பழைய வீடுகளின் வயரிங்குக்குள் தமிழ்நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறே இருக்கிறது. மர ரீப்பரில் கிளிப் அடித்து இழுத்த பேட்டன் வயரிங், ரப்பர் உறைமேல் நூல் பின்னிய பழைய வயர், செம்பு விலையேறிய காலத்தில் வந்த அலுமினியக் கம்பி, அதன்பின் சுவரை வெட்டிப் பதித்த கன்சீல்டு வயரிங். ஒரே வீட்டில் இவற்றில் இரண்டு மூன்று தலைமுறை டேப் சுற்றிய ஜாயின்ட்டில் கைகோத்து நிற்பதைப் பார்க்கலாம்.

குடிசைகளுக்கும் தொகுப்பு வீடுகளுக்கும் மின்சாரம் வந்தது ஒன்றிரண்டு விளக்கை நினைத்து. 2006-க்குப் பின் அரசின் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பின் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. பிறகு ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், இப்போது மின்சார ஸ்கூட்டர். மிக்சியும் கிரைண்டரும் ஏழை வீட்டுப் பெண்ணின் தோளிலிருந்து ஆட்டுக்கல்லின் பாரத்தை இறக்கியவை. எல்லாமே வரவேற்க வேண்டியவை. ஆனால் கருவி வந்த வேகத்துக்கு வயர் மாறவில்லை. விளக்குக்குப் போட்ட வயரே எல்லாவற்றையும் சுமக்கிறது. சுமை கூடினால் சூடு, சூடு கூடினால் உறை நைவு.

2022 மார்ச் இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளி செல்லும் மகளும் இறந்தார்கள். பழைய வீட்டின் சாக்கெட் அந்தச் சுமைக்கு ஏற்றதாக இல்லாமல் போயிருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன. இத்தகைய விபத்தில் பேட்டரி, சார்ஜர், சாக்கெட், வயர் என எதுவும் காரணமாகலாம். மெகர் இவை எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிவிடாது. தளர்ந்த ஸ்குரூவையோ, சுமைக்குப் போதாத கம்பியையோ அது காட்டாது. அதற்குக் கண்ணால் பார்க்கும் ஆய்வும் வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் வயரிங்கை யாராவது திறந்து பார்க்கும் நாள் வந்தால்தான் இரண்டும் நடக்கும். அந்த நாளே வருவதில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

கைப்பிடி சுற்றிய காலத்திலிருந்து

லண்டனில் சிட்னி எவர்ஷெட் என்ற பொறியாளர் 1889-ல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய இன்சுலேஷன் சோதனைக் கருவியை உருவாக்கினார். எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் என்ற அவருடைய நிறுவனம் 1903-ல் ‘மெகர்’ என்ற பெயரைப் பதிவு செய்தது. பெட்டிக்குள் சிறு ஜெனரேட்டர், பக்கத்தில் ஒரு கைப்பிடி. நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில் சுற்றினால் 500 வோல்ட் பிறக்கும். முள் நகர்ந்து மெகா ஓமைக் காட்டும். இன்று பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் மெகர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனிப் பெயர் கருவியின் பெயராகவே நின்றுவிட்டது. “மெகர் வெச்சுப் பாத்தியா?” என்பதுதான் தொழில் தெரிந்தவரின் முதல் கேள்வி.

சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. அது சில வோல்ட் கொடுத்துத்தான் அளக்கும். அந்த அழுத்தத்தில் ஓட்டை உறையும் நல்ல உறை போலவே நடிக்கும். டெஸ்டர் இன்னும் போதாது. அது மின்சாரம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும்.

சோதனை நடக்கும் விதத்தை வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மெயின் அணைக்கப்படும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியே துண்டிக்க வேண்டும். மெயினை அணைத்த பின்னும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் நிற்கும். லைனில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகு பல்புகள் கழற்றப்படும், பிளக்குகள் உருவப்படும், சுவிட்சுகள் எல்லாம் ஆன் நிலையில் வைக்கப்படும். எல்.இ.டி. விளக்கு, சர்ஜ் தடுப்பான் போன்ற எலக்ட்ரானிக் பொருள்கள் இணைப்பிலேயே இருந்தால் அவை கெடலாம், அல்லது அளவு தப்பாக வரலாம். பிறகு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக ஓர் அளவு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஓர் அளவு. ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கடைசியில் லைனில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் தானே செய்து பார்க்கக் கூடாது.

மொத்த வீட்டையும் ஒரே தடவையில் அளந்தால் ஒரு மோசமான லைன் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். நான்கு லைன்கள் 200, 150, 100, 80 மெகா ஓம் காட்ட, குளியலறை ஹீட்டர் லைன் மட்டும் 0.3 என்றால், வீட்டின் மொத்த அளவு 0.3-க்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு லைனாகப் பிரித்து அளக்கும்போதுதான் குற்றவாளி அகப்படுவார். அப்போது வீடு முழுக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு லைனை மட்டும் உருவிப் புது வயர் இழுத்தால் போதும். மெகர் உயிரைக் காப்பதோடு காசையும் காக்கிறது.

டிரிப்பரைக் கழற்றாதீர்கள்

கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அறுத்துவிடும் கருவி ஆர்.சி.சி.பி. ஊர்ப்பேச்சில் டிரிப்பர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கும் இந்த வகைக் கருவி வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருக்கிறது. நல்ல விதி.

ஆனால் மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. டிரிப்பர் விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது. எங்கே என்று அது சொல்லாது, மெகர் சொல்லும். டிரிப்பர் ஆபத்து வந்த நொடியில் காப்பது. மெகர் ஆபத்து வரும் முன்பே எச்சரிப்பது. இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்பவருக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படும் வாய்ப்புக் குறைவு. வீட்டுக்கும் அப்படித்தான்.

கூடவே எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி கோடையில் வறண்டுவிட்டால், கசியும் மின்சாரத்துக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் கிரைண்டர் உடம்பிலேயே நிற்கும். எர்த்தை அளப்பது வேறு கருவி, வேறு சோதனை. வயர்மேன் வரும் நாளில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் சொல்கிறது, யார் கேட்கிறார்கள்?

மின் இணைப்புக்காக உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தரும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இன்சுலேஷன் அளவுக்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எழுதும் எண் மெகரில் கண்ட எண்ணாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் அது வீடு பிறந்த நாளின் எண். முப்பது ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் பிறகு அதே வயர் என்ன காட்டும் என்று யாருக்கும் தெரியாது.

சட்டம் இதை மறக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 46-ஆவது விதி, இணைப்புப் பெற்ற மின்னமைப்புகளை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்து சோதிக்கச் சொன்னது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதே ஐந்தாண்டைத் திரும்பச் சொல்லின. தொழிற்சாலைகளுக்கு மின் ஆய்வாளர் வருகிறார். வீடுகளுக்கு யார் வருகிறார்கள்? மீட்டர் வரைக்கும் மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு, மீட்டருக்கு அப்பால் உங்கள் பொறுப்பு என்ற கோட்டில் எல்லாம் நின்றுவிடுகிறது.

நிற்காமல் நடத்திக்காட்டிய நாடுகள் உண்டு. ஜப்பானில் வீடுகளின் மின்னமைப்பை நான்காண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் வந்து சோதிப்பது சட்டப்படியான ஏற்பாடு. அதற்கு வீட்டுக்காரர் காசு தர வேண்டியதில்லை. இன்சுலேஷன் அளவும் அந்தச் சோதனையின் பகுதி. இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டின் விதிகள், வாடகைக்கு விடும் வீட்டின் மின்னமைப்பை ஐந்தாண்டுக்குள் ஒருமுறையாவது தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகின்றன.

ஆம்பூரின் லைன் வீடுகளை நினைத்துக்கொண்டு அந்த விதியைப் படித்துப் பாருங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் குடும்பங்கள் வரிசையாக வாடகைக்கு இருக்கும் வீடுகள் அவை. பகலெல்லாம் கம்பெனியில் வேலை. சில வீடுகளில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை இரவிலும் தொடரும். அந்தச் சுவருக்குள் இருக்கும் வயர் யாருடையது? உரிமையாளருடையது. அடிவாங்குவது யார்? குடியிருப்பவர். இந்த இடைவெளியை மூட நமக்கும் அப்படியொரு விதி வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மாணவர்கள் மெகர் பிடிக்கக் கற்றே வெளியே வருகிறார்கள். பயிற்றுநர் மேற்பார்வையில் அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஊராட்சிகளுக்கும் நகர வார்டுகளுக்கும் அனுப்பலாம். மலையடிவார ஊர்களிலிருந்து தொடங்கலாம். பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மெகர், ஒரு சோதனைப் பதிவேடு என்று மின் பகிர்மானக் கழகம் வைத்தால், ஐந்தாண்டில் ஒரு வட்டாரத்தையே சுற்றி வந்துவிடலாம். ஏற்றுமதிக்காக ஆலைக்குள் பாதுகாப்புத் தணிக்கையை ஏற்றுக்கொண்டிருக்கும் தோல், ஷூ நிறுவனங்கள், தங்கள் தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளுக்கும் இந்த ஒரு சோதனையைச் செய்து தரலாம்.

உங்கள் வீட்டுக்கு

* ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது உரிமம் பெற்றவரைக் கொண்டு மெகர் சோதனை. வயரிங் பழையதானால், சுவரில் ஓதம் இருந்தால், அதைவிடச் சீக்கிரம்.

* ஒவ்வொரு லைனின் அளவையும் தேதியோடு எழுதி மெயின் போர்டு கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும்.

* லேசாக அடித்தாலும் அந்த லைனை உடனே அணையுங்கள். சரிசெய்யும் வரை பயன்படுத்தாதீர்கள்.

* வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், தண்ணீர் வடிந்தவுடன் மெயினைப் போடாதீர்கள். காயவிட்டு, மெகர் வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம்.

* டிரிப்பரின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது காவல் காக்கவில்லை.

* வாட்டர் ஹீட்டர், மோட்டார், ஸ்கூட்டர் சார்ஜருக்குத் தனி லைன், சரியான எர்த்.

* சர்வீஸ் வயர் மரத்தில் உரசினால், கம்பத்தில் பொறி தெரிந்தால் மின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை வரும்போது மெயின் போர்டுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. வடகிழக்குப் பருவமழை அதற்குப் பின்னாலேயே வருகிறது. சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான வாரம் இல்லை. பொட்டு வைக்கும் முன் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மெகர் வையுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்திலும் வார்டு கூட்டத்திலும் கேளுங்கள். 1956-லேயே விதியாக எழுதப்பட்ட ஐந்தாண்டுச் சோதனை நம் வாசலுக்கு வருவது, அதை எத்தனை பேர் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.